எச்டி சேனலும் மஞ்சள் ஒயரும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

டிவி பற்றி என்னைப் பேசச் சொன்னார் செயலாளர். நான் மெக்கானிக் இல்லை, வங்கியில் லெட்ஜர் எழுதியவன். ஆனால் இரண்டு வருடம் எச்டி பேக்கேஜுக்குப் பணம் கட்டி, ஒரு நாள்கூட எச்டி பார்க்காதவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

போன வருடம் என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகும் செய்தியில் கீழே ஓடுகிற எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்றாள். பயந்துபோய் மறுபடி டாக்டரிடம் ஓடினோம். "கண் நன்றாக இருக்கிறது, டிவியைப் பாருங்கள்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. 43 இன்ச் டிவி, புதுசு!

லீவுக்கு வந்த மருமகன்தான் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை ஒயர். பழைய டிவிக்குப் போட்டதையே புது டிவியிலும் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். படம் வந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். காசோலையில் கையெழுத்தை மூன்று முறை பார்க்கிற ஆள், இதைப் பார்க்கவில்லை.

அந்த மஞ்சள் ஒயரில் 576 வரிப் படம்தான் வரும். எச்டி சேனல் என்பது 1080 வரி. அதற்கு எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். கேபிளை மாற்றி, டிவி ரிமோட்டில் சோர்ஸை 'எச்டிஎம்ஐ' என்று வைத்தோம். பாக்ஸின் செட்டிங்ஸிலும் 576 என்றே இருந்தது. அதையும் 1080 ஆக்கினோம்.

இன்னொன்று. ஒரே சேனலுக்குச் சாதாரண நம்பர் ஒன்று, எச்டி நம்பர் ஒன்று. பழக்கத்தில் பழைய நம்பரையே அழுத்தினால் பழைய படம்தான் வரும். உங்கள் பாக்ஸே எச்டி பாக்ஸ் இல்லையென்றால் எந்தக் கேபிளும் உதவாது, பாக்ஸைத்தான் மாற்ற வேண்டும். முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் அது வேறு விஷயம், 16:9 அளவைச் சரிபார்க்க வேண்டும்.

பில்லையும் பாருங்கள். ட்ராய் 2017-இல் போட்ட கட்டண உத்தரவில், ஒரு எச்டி சேனல் இரண்டு சாதாரண சேனலாகக் கணக்கிடப்பட்டது. பார்க்காத எச்டி சேனலை எடுக்கச் சொல்லலாம்.

இப்போது ஓடுகிற செய்தியை எனக்கு முன்னால் என் மனைவி படித்துவிடுகிறாள். என்னிடம் உபரியாக ஒரு எச்டிஎம்ஐ கேபிள் இருக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம், திருப்பித் தந்துவிடுங்கள்.