தொலைவும் நாணயமும்



2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் வகுப்பறைகளும் மூடப்பட்டன. ஆயினும் கல்வி நின்றுவிடவில்லை. இணையத்தின் வழியே தொடர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் அந்நிறுவனம், நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கும் இணையவழிப் பட்டப்படிப்பையும் அறிவித்தது. தொலைவூரில் இருப்பவரும் பாடத்தைக் காணொளியில் கேட்கலாம். ஐயத்தை எழுதி அனுப்பலாம். குறித்த வேளையில் நேரலையில் வினவலாம். ஆனால், முக்கியத் தேர்வுகளை மட்டும் மையத்திற்கு நேரில் சென்றே எழுதவேண்டும். ஏன்? கருவி தொலைவைக் குறைக்கும், நாணயத்தைத் தந்துவிடாது. ஊழியர் இல்லத்திலிருந்தே பணிபுரியும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். காமிராவை அணைத்துவிட்டு உறங்குகிறவனை எந்த அழைப்பு எழுப்பும்? காண்பார் இல்லாதபோதும் கடமையைச் செய்யப் பழகுங்கள். தொலைவு அப்போதுதான் உண்மையில் குறையும்.