கயிற்றோடு நடக்கப் பழகும் நாய்க்குட்டி



சில ஆண்டுகளுக்கு முன், என் மூன்றாம் ஆண்டு வகுப்பு மாணவன் ஒருவனின் பின்னாலேயே அவன் வீட்டு நாய்க்குட்டியும் பள்ளிக்கூடம் வரை வந்துவிடும். வகுப்பு வாசலில் படுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறதே என்று, "தம்பி, நாளை முதல் அதைக் கட்டிப்போட்டுவிட்டு வா" என்றேன். சொன்ன சொல்லைத் தட்டாத பையன். அன்று மாலையே ஒரு நைலான் கயிற்றில் சுருக்குப் போட்டு, குட்டியின் கழுத்தில் மாட்டி, லயத்தின் முன்னாலிருந்த கொய்யா மரத்திற்கு இழுத்துப் போனான். அதுவரை கயிற்றையே அறியாத குட்டி மிரண்டு போய்ப் பின்னுக்கு இழுத்தது. அவன் முன்னுக்கு இழுத்தான். கயிறு கையைவிட்டு நழுவியது. தலைதெறிக்க ஓடிய குட்டி, செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியின் சக்கரத்தில் சிக்கிவிட்டது.

கட்டச் சொன்ன நான், எப்படிக் கட்டிப் பழக்குவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய குறை வேறு என்ன? அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன்.

கழுத்தை ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் இழுப்பது நாயின் இயல்பு. அது பிடிவாதம் அன்று. லயத்தில் மாடு வளர்த்த பாட்டிமாரைக் கேளுங்கள். புதிதாகக் கட்டிய கன்றுக்குட்டியும் அப்படித்தான் செய்யும் என்பார்கள். நாம் இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும். ஆகவே இழுக்காமல் பழக்குவதுதான் வழி.

முதலில் மிருதுவான கழுத்துப் பட்டை ஒன்று வேண்டும். சுருக்குக் கயிறு, கம்பி, கனத்த சங்கிலி எதுவும் வேண்டாம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வேகமாக வளரும். வாரம் ஒரு முறை விரல் விட்டுப் பாருங்கள். தளர்த்த மறந்த பட்டை தோலை அறுத்துப் புண்ணாக்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோறு வைக்கும் முன் பட்டையை மாட்டுங்கள். சொறியும், புரளும்; சோற்றைக் கண்டதும் மறந்துவிடும். இரண்டு மூன்று நாள் இப்படிப் போகட்டும். பிறகு ஒரு முழ நீளத் துணிக்கயிற்றைப் பட்டையில் கட்டி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள். கயிறு பயப்படும் பொருள் அன்று என்று அதுவே தெரிந்துகொள்ளும்.

அடுத்து, ஆறடி நீளமுள்ள கயிற்றின் முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டடி நகருங்கள். கூட வந்தால் உடனே அவித்த முட்டையிலோ ஈரலிலோ விரல்நுனி அளவு கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும். குட்டிக்கு அதற்குமேல் பொறுமை இருக்காது. நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் போலத்தான்.

முற்றத்திற்கு வந்ததும் முன்னால் பாய்ந்து இழுக்கும். அப்போது பால்மரம் போல அசையாமல் நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், வெட்டி இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்க்கும், கயிறு தளரும். தளர்ந்த உடனே நடங்கள். இழுத்தால் நடை நிற்கும், இழுக்காவிட்டால் நடை தொடரும் என்பது சில நாளில் அதற்குப் புரிந்துவிடும். வீட்டில் ஒருவர் நிற்க, இன்னொருவர் இழுபட்டுக்கொண்டே ஓடினால் மட்டும் ஒரு மாதமானாலும் புரியாது! படுத்துக்கொண்டு வர மறுத்தால், இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து கூப்பிடுங்கள். தரதரவென்று இழுத்தால் குரல்வளை காயப்படும்.

பிள்ளைகள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். நாய் பாய்ந்தால் பிள்ளையும் கூடவே இழுபடும். நண்பகலில் தார்ச்சாலையில் நடத்தாதீர்கள். உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும்.

தடுப்பூசிகள் முடியும் வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் வரை, மற்ற நாய்கள் திரியும் இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். இரத்தப்பேதியாகி மடியும் பார்வோ நோய் அங்கிருந்துதான் தொற்றும். வெறிநாய் நோய்க்கும் ஊசி உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் கண்டபோது, தெருவில் திரிந்த நாய்கள் பல கொல்லப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கயிறெல்லாம் துரை வீட்டு நாய்க்குத்தான் என்றொரு நினைப்பு நம்மிடையே உண்டு. ஆனால் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை விரட்டிச் சென்று அவரை விழத்தாட்டுவது நம் வீட்டு நாய்தானே? இஸ்லாமிய அண்டை அயலார்மீது நாயின் ஈர மூக்கு பட்டால், அவர்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். எதிரே அவர்கள் வரும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நின்றால், அவர்களுக்கும் சிரமமில்லை, நமக்கும் மனத்தாங்கல் இல்லை.

அந்த மாணவனுக்குச் சில மாதம் கழித்து அவன் மாமா வேறொரு குட்டி கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை நானும் மாலை வேளைகளில் லயத்துப் பக்கம் போனேன். மூன்று வாரம் பிடித்தது. ஒரு நாள் லோரி வரும் சத்தம் கேட்டதும் அவன் சாலையோரம் நின்றான். குட்டியும் நின்றது. கயிறு தளர்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லோரி போன பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்; ஒன்றும் பேசவில்லை.