வாணியம்பாடியின் 125 ஆண்டுகளும் நமது ஜூன் மாதமும்

(ஆண்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901இல் தொடங்கப்பட்டது. அதற்கு 125 ஆண்டுகள் ஆகின்றன, அல்ஹம்துலில்லாஹ். "அந்த ஊர் சமாச்சாரம் நமக்கு எதற்கு?" என்று காலையில் ரத்ததான முகாமில் ஒரு தம்பி கேட்டார். நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதேபோல வாணியம்பாடியும் 1911 வரை, திருப்பத்தூர் தாலுகாவோடு சேர்ந்து, சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. ஆகவே அந்தச் சங்கம் பிறந்தது நம் ஜில்லாவில்.

தோல் வியாபாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் தோள் கொடுத்து வளர்த்த சங்கம் அது. 1919இல் இஸ்லாமியா கல்லூரியைத் தந்தது. இடையில் 18 ஆண்டுகள்! முதல் சந்தா கொடுத்தவர்களில் எத்தனை பேர் கல்லூரி வாசலைப் பார்த்திருப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான். சென்னையில் 1902இல் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் புதுக்கல்லூரியைத் திறந்தது 1951இல். உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃப் செய்தபோது, அதை விற்கக்கூடாது, வாரிசுக்கும் போகக்கூடாது, வருமானம் மட்டும் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் போகட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் அப்படியே நிற்கும், பலன் போய்க்கொண்டே இருக்கும்.

நாம் என்ன செய்கிறோம்? ரமலானில் ஜகாத் வருகிறது. சேலை, அரிசி, மளிகை என்று பெருநாளுக்குள் கொடுத்து முடித்துவிடுகிறோம். கணக்கு சுத்தம், மனதுக்கும் நிம்மதி. போன ஜூனில் ஒரு லாரி டிரைவரின் மகள் தாயாரோடு நம் ஆபீசுக்கு வந்தார். கையில் பி.காம். சேர்க்கைக் கடிதம்; கட்டணம் கட்ட மூன்று நாள்தான் இருந்தது. பெட்டியில் பணம் இல்லை. "அடுத்த ரமலானில் பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினோம். சொன்னது நாங்கள்தான், வேறு யாரும் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறது.

ஜகாத் பணத்தை ஜூன் வரை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று ஆலிம்களிடம் கேட்டோம். தேக்கி வைக்காதீர்கள், உரியவர் கையில் உடைமையாக்குங்கள் என்றார்கள். தவ்பா சூராவில் சொல்லப்பட்ட எட்டு வகையினருக்கு உரிய பணம் அது; நம் ஹனஃபி மத்ஹபில் அதைக் கட்டடத்துக்குக்கூடப் போட முடியாது. எனவே இனி ரஜப் மாதத்திலேயே பிளஸ் டூ பிள்ளைகளின் பெயரைப் பதிவோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள பிள்ளைக்கு ரமலானிலேயே, அவர் பெயரில் உள்ள அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பணம் போய்ச் சேரும். அதன் பிறகு அது அவர் பணம். வீட்டில் வட்டிக்கடன் கழுத்தை நெரித்தால் அதற்கும் போய்விடலாம். அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை, பெற்றோரிடம் பேசத்தான் முடியும்.

ஜூனில் திடீரென்று வருகிறவருக்கு ஸதகா பணத்தில் தனி நிதி வைக்கிறோம். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போய், இந்த வருடம் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறோம்; பதில் இன்னும் வரவில்லை.

இன்றைய பிரியாணியை ஒரு சகோதரர் சொந்தச் செலவில் ஏற்றிருக்கிறார், அறக்கட்டளைப் பணம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். புதிய நிதியின் பெட்டி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் படியில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.