மரத்தடிப் பயிரும் ஒரு கலைச்சொல்லும்



மொழியியல் பயின்றவர்க்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் பேசச் சென்றிருந்தோம். வளாகத்தில் ஒரு வேம்பு. அதனடியில் மாணவர் இட்ட தக்காளிப் பாத்தி. செடிகள் நலிந்து கிடந்தன. காரணம் கேட்டோம். ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர், "மரம் நஞ்சு விடுது ஐயா. வெட்டப் போறாங்களாம்" என்றார். அவர் கையிலிருந்த பயிற்சித்தாளில் 'தாவர நச்சியல்' என்று அச்சாகியிருந்தது. நம்மை அங்கே நிற்கவைத்தது அந்தச் சொல்லே.

அச்சொல் குறிக்க வந்த நிகழ்வு மெய்யானதே. ஒரு தாவரம் வெளிவிடும் வேதிப்பொருள், அருகிலுள்ள மற்றொன்றன் வளர்ச்சியைத் தாக்குவதுண்டு. இதற்குப் பெயர்பெற்ற சான்று, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் கறுப்பு வால்நட் மரம். நம் கடைகளில் விற்கும் அக்ரூட் பருப்பு இதன் உறவினத்தது. அதன் வேரிலும் இலையிலும் காய்த்தோலிலும் ஹைட்ரோஜுக்லோன் என்னும் பொருள் உள்ளது. அது தீங்கற்றது, காற்றுப் பட்டதும் ஜுக்லோனாக மாறுகிறது. தக்காளியையும் குதிரைமசாலையும் இந்த ஜுக்லோன் வாட்டவல்லது என்பதை 1928இல் டேவிஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களை அம்மரத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் தள்ளி நடுமாறு அந்நாட்டுத் தோட்டக்காரர்க்கு அறிவுரை கூறுவர். வெங்காயமும் கேரட்டும் அவரையும் தாங்குமாம்.

ஆயினும் ஜுக்லோன் நீரில் எளிதில் கரையாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதைச் சிதைத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கண்டது தோட்டத்திலும் அப்படியே நிகழுமா என்னும் ஐயத்தை அண்மைக்கால ஆய்வாளர் சிலர் எழுப்பியுள்ளனர். நிழலும் நீர்ப்போட்டியும் அதே வாட்டத்தைத் தரவல்லவை அல்லவா?

இந்நிகழ்வுக்கு 'அல்லெலோபதி' எனப் பெயரிட்டவர் ஆஸ்திரியத் தாவரவியலார் ஹான்ஸ் மோலிஷ், ஆண்டு 1937. 'ஒன்றற்கொன்று', 'துன்பம்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. துன்பம் என்றவுடன் மொழிபெயர்ப்பாளர் நஞ்சுக்குத் தாவிவிடுகின்றனர். மோலிஷ் பெரிதும் ஆராய்ந்ததோ ஆப்பிள் பழம் விடும் எத்திலீன் வளியை. அதே வளி முளையை ஒடுக்கும். காயைக் கனிவிக்கவும் செய்யும். நன்மை, தீமை இரண்டையும் அவர் அச்சொல்லில் அடக்கினார். கிரேக்கத்தில் 'பாதோஸ்' என்பதும் துன்பத்தை மட்டுமன்றி, ஒருவர்க்கு நேர்வது எதுவாயினும் அதனைக் குறிக்கும்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. வெயில் படுகிறது, துன்பப்படுகிறோம், பெருமைப்படவும் செய்கிறோம். 'படு' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் 'பாடு'. செயப்பாட்டுவினை என்று இலக்கண வகுப்பில் சொல்கிறோமே, அதிலுள்ள பாடும் இதுவே. கிரேக்கச் சொல்லுக்கு நேராகப் பெயர்த்தால் 'உடன்பாடு' என்றாகும். அதனை ஒப்பந்தம் எழுதுவோர் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டனர்! 'தாவர இடைப்பாடு' எனலாமா என்பது நம் எண்ணம். ஓசையில் அது சிறந்ததன்று என ஒப்புகிறோம். ஆனால் 'நச்சியல்' போல, ஆராயுமுன்பே மரத்தின்மேல் தீர்ப்பு எழுதாது.

அன்று அப்பள்ளி ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று வேண்டினோம். வேம்படி மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, தக்காளி நட்டு, நல்ல வெயிலில் வைக்கவேண்டும். வேற்று மண் நிரப்பிய தொட்டிகளை வேம்பின் நிழலில் வைக்கவேண்டும். நீர் அளவு ஒன்றாக இருக்கட்டும் என்றோம். ஆறு வாரம் கழித்து அவர் அனுப்பிய படத்தில், வேம்படி மண்ணில் நின்ற செடிகள் பூத்திருந்தன. நிழலில் இருந்தவை வெளிறி, நீண்டு, சாய்ந்திருந்தன.

பாத்தி இப்போது கிழக்கு வேலியோரம் இருக்கிறது. வேம்பு நிற்கிறது. பயிற்சித்தாள் மட்டும் அடுத்த ஆண்டும் அதே சொல்லோடு அச்சாகி வந்ததாம்.