லேட்டா வந்தது அவன் இல்ல, லேப்டாப்

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

என் நண்பன் ஒருத்தன் பத்து வருஷமா மிருதங்கம் வாசிக்கிறான். போன மாசம் என் ரூம்ல உட்கார்ந்து, நான் ஏற்கெனவே பதிவு பண்ணி வெச்சிருந்த கீபோர்டு ட்ராக்குக்கு வாசிச்சான். போட்டுக் கேட்டா, ஒவ்வொரு அடியும் கொஞ்சம் தள்ளி விழுது. "மச்சான், நீ பின்னாடி போற"ன்னு சொன்னேன். நாலு டேக் எடுத்தோம். நாலுலயும் அதே கதை. ஒண்ணும் பேசாம மிருதங்கத்தை உறைக்குள்ள வெச்சு ஜிப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான்.

ராத்திரி யோசிச்சேன். தப்பு மனுஷனோடதுன்னா ஒரு அடி முன்ன விழும், ஒரு அடி பின்ன விழும். எல்லா அடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளிப் போனா அது கை இல்ல, சிஸ்டம்.

நடக்கிறது இதுதான். கம்ப்யூட்டர் ஒலியை ஒவ்வொரு சாம்பிளா அனுப்பாது. பஃபர்ல சேர்த்து மொத்தமா அனுப்பும். நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 1,024 என்றால், அது நிரம்பவே சுமார் 21 மில்லிசெகண்ட் ஆகும். ட்ராக் அவன் காதுக்குப் போக ஒரு தாமதம். அவன் அடி மைக் வழியா உள்ளே வர இன்னொரு தாமதம். ரெக்கார்டிங் மென்பொருள் இதைக் கழிச்சுதான் ட்ராக்கை வைக்கும். ஆனா டிரைவர் சொல்ற கணக்கை நம்பித்தான் கழிக்கும். அந்தக் கணக்கு தப்புன்னா, பழி வாசிச்சவன் தலையில.

அளந்து பார்த்தேன். ஹெட்ஃபோனை மைக்கோட ஒட்டி வெச்சு, 'டிக்' சத்தத்தை ஓடவிட்டு அதையே பதிவு பண்ணேன். ரெண்டு அலைவடிவத்தையும் பெரிசாக்கிப் பார்த்தா 1,920 சாம்பிள் வித்தியாசம். அதாவது 40 மில்லிசெகண்ட். நேர்ல 13, 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி.

அவனோட டேக்கை அவ்வளவு முன்னாடி நகர்த்தினேன். ஆரம்பம் கச்சிதம். ஆனா பாட்டு முடியுறப்போ மறுபடி லேசா விலகுது! காரணம், யுஎஸ்பி மைக்குக்கு ஒரு கடிகாரம், லேப்டாப் ஹெட்ஃபோனுக்கு வேற கடிகாரம். ரெண்டுக்கும் பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே, நிமிஷத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும். பஃபரைக் குறைச்சாலும் இது போகாது. மைக், ஹெட்ஃபோன் ரெண்டையும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ்ல மாட்டினா ஒரே கடிகாரம், பிரச்சினை தீர்ந்தது.

சரி பண்ண டேக்கை அவனுக்கு அனுப்பி, "ஸாரிடா, நீ சரியாத்தான் வாசிச்சிருக்க"ன்னு போட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும். உனக்குத்தான் என்னைவிட லேப்டாப் மேல நம்பிக்கை"ன்னு பதில் வந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை வர்றான். நீங்களும் ஒருத்தரைப் பார்த்து "தாளம் தப்புது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த 'டிக்' டெஸ்ட்டை ஒரு தடவை பண்ணிடுங்க. ரெண்டே நிமிஷம்தான். அடுத்த வாரம் பார்க்கலாம்.