மாமன் இட்ட மாலை

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



இன்றைய நற்செய்தி நம்மைக் கானாவூர்க் கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போகிறது. யோவான் அங்கே சில விவரங்களைக் கணக்காகச் சொல்கிறார். ஆறு கற்சாடிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அவற்றை விளிம்புவரை நிரப்பினார்கள். ஆனால் பந்தல் எப்படி இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. மணமகன் ஓரிடத்தில் வந்து போகிறார், பெயர் இல்லை. மணமகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நாம் கல்யாணம் என்றதும் முதலில் எதைப் பார்ப்போமோ, அதையெல்லாம் யோவான் விட்டுவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கல்யாணம் எனக்கு இதைப் புரியவைத்தது.

என் அக்காவின் மகளுக்குத் திருமணம். அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே தகப்பனை இழந்தவள். என்னைச் 'சாமி மாமா' என்றுதான் கூப்பிடுவாள். தாய்மாமன் மாலை போட வேண்டும். திருப்பலியும் நானே நிறைவேற்ற வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பீடத்துக்கு என்ன பூ, மணப்பெண்ணுக்கு வெள்ளைப் பட்டா சந்தன நிறப் பட்டா, எந்தப் பாடகர் குழு, கூட்டுத் திருப்பலிக்கு எத்தனை குருக்கள் என்று எல்லாவற்றிலும் தலையிட்டேன். அழைப்பிதழில் என் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பதுவரை பார்த்தேன். கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான் கல்யாணம் நடத்தி வைக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பங்குக்கு நான் பங்குத்தந்தை அல்ல. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108-ஆம் எண்ணின்படி, ஆயரோ பங்குத்தந்தையோ அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ முன்னின்று, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் நடந்தால்தான் திருமணம் செல்லும். தாய்மாமன் என்ற உரிமை அங்கே செல்லாது. ஆகவே பங்குத்தந்தையிடம் அதிகாரக் கடிதம் கேட்டுப் போனேன். அவர் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "திருமண விசாரணையை மட்டும் நானே செய்கிறேன், ஃபாதர். மாமாவின் முன்னால் அந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசாது."

எனக்குச் சற்று வருத்தம்தான். என் வீட்டுப் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

விசாரணை முடிந்த அன்று மாலை அவளே என்னைத் தேடி வந்தாள். "ஃபாதர்தான் உங்களிடமே சொல்லச் சொன்னார், மாமா. மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. முழு மனசோடதான் சம்மதிச்சேன். ஆனா கல்யாணத்தை நினைச்சாத்தான் பயமா இருக்கு. அம்மா வளையலை அடகு வச்சுட்டாங்க. வட்டிக்கும் வாங்கியிருக்காங்க. ஏன்னு கேட்டா, 'இது சாமியார் வீட்டுக் கல்யாணம், தம்பி பேரு கெடக் கூடாது'ன்னு சொல்றாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலை வைத்து எத்தனையோ முறை நான் மறையுரை ஆற்றியிருக்கிறேன். அழைப்பிதழ், உடை, விருந்து என்று அலைந்து பணமும் தெம்பும் மகிழ்ச்சியும் கரைந்துபோய், களைத்த நிலையில் மணமக்கள் பீடத்துக்கு வருகிறார்கள் என்று அதில் அவர் வருந்துகிறார். துணிந்து எளிமையாகச் செய்யுங்கள் என்கிறார். அதை ஊருக்குச் சொன்னவன் நான். என் அக்காவைக் கடனாளி ஆக்கியவனும் நான்தான்.

அன்றிரவே அக்காவிடம் போனேன். "நீ வந்து நிக்கிற இடத்துல ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன், தம்பி" என்றார். "குறையே நான் நின்ற விதத்தில்தான் அக்கா" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் மாற்ற முடியவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்றார்கள். மேடை அலங்காரம், பேண்டு, வெளியூர்ப் பாடகர் குழு ஆகியவற்றை நிறுத்தினோம். வட்டிப் பணத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தோம். வளையலை மீட்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

திருமண நாள் காலையில் வீட்டில் மாமனாக நின்றேன். அவள் தலையில் வெள்ளை நெட்டை நானே வைத்து, கழுத்தில் மாலை போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்தேன். அவளுடைய அப்பா செய்திருக்க வேண்டியது. அக்கா அழுதார், நானும் அழுதேன். பிறகு கோவிலுக்குப் போய்த் திருவுடை அணிந்தேன். அங்கே நான் மாமன் அல்ல.

முழுச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா, வாழ்நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் அன்பு செய்து மதிப்பீர்களா, இறைவன் தரும் பிள்ளைகளை ஏற்றுக் கிறிஸ்துவின் வழியில் வளர்ப்பீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டேன். முதல் கேள்விக்கு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். விசாரணை அறையில் மனதைத் திறந்து பேசியிராவிட்டால் அந்தப் பதில் அத்தனை தெளிவாக வந்திருக்காது.

அன்பர்களே, இலத்தீன் திருச்சபையின் படிப்பினை இது: திருமண அருளடையாளத்தை வழங்குபவர் குரு அல்ல. மணமக்களே தங்கள் சம்மதத்தின் மூலம் ஒருவருக்கொருவர் அதை வழங்குகிறார்கள். குரு கேட்கிறார். அவர்களுடைய சம்மதத்தைத் திருச்சபையின் பெயரால் பெற்றுக்கொள்கிறார். அவ்வளவுதான். கானாவில் தண்ணீர் மொண்டு ஊற்றிய பணியாளர்களின் இடம் அது. அற்புதத்தைச் செய்தவர் ஆண்டவர். குடம் சுமந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. நான் அதுவரை மேற்பார்வையாளராகவே இருந்துவிட்டேன்.

அலங்காரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பூச்சூட்டிப் பார்ப்பது பெற்றவர்களின் ஆசை. ஆனால் தூய பவுல் கொலோசையருக்கு வேறோர் உடையைக் காட்டுகிறார்: பரிவு, இரக்கம், தாழ்மை, கனிவு, பொறுமை, அவற்றுக்கு மேல் அன்பு. அந்த உடைக்கு அடகுக்கடைச் சீட்டு தேவையில்லை.

வீட்டில் திருமணம் வைத்திருக்கிறவர்களே, யாருடைய பெயருக்காகச் செலவு செய்கிறீர்கள் என்று இன்று ஒருமுறை யோசியுங்கள். குருக்களையும் கன்னியரையும் திருச்சபைக்குத் தந்த குடும்பங்களே, எங்கள் கௌரவத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். பெற்றோரே, ஓலை வாசிப்பதற்கு முன் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, "உனக்கு முழுச் சம்மதமா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவகாசமும் கொடுங்கள்.

கானாவூரில் குறையைக் கண்டு மகனிடம் சொன்ன அன்னை மரியா, நம் வீடுகளின் குறையையும் அவரிடம் எடுத்துச் சொல்வாராக. எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.