கிதாரா: ஒரு பெயரின் பயணம்



யான் இசையறிஞன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தனாக அமர்ந்தவன். சென்ற ஆண்டு விழாவில் அன்பர் ஒருவர், பண்டைக் கிரேக்கரின் ‘கிதாரா’ என்னும் நரம்புக் கருவி நம் நாட்டுச் சிதாரிலிருந்தே பெயர் பெற்றது என்றார். யானும் கைதட்டினேன். வீடு சென்று மகளுக்கும் அதனைச் சொன்னேன். அவளோ பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். பின்னர் நூல்களைப் புரட்டியபோது நாணினேன். அப்பிழையைத் திருத்தவே இங்கு நிற்கின்றேன்.

சிதார் என்பது பாரசீக வழிச் சொல். ‘சே’ என்றால் மூன்று. ‘தார்’ என்றால் தந்தி. கிதாராவோ அதற்கு மிகவும் முற்பட்டது. ஓமரின் காவியங்களிலேயே ‘கிதாரிஸ்’ என்னும் வடிவம் உண்டு. கிரேக்க மொழிக்குள் அதற்கு வேர் காட்ட இயலாமையால், அது வேற்றுமொழிச் சொல்லாகலாம் என்பர் மொழிநூலார்.

கருவியும் அத்தகையதே. ஆமையோட்டில் தோல் போர்த்திய ‘லைரா’வை ஏதென்சு நகரச் சிறுவர் பயின்றனர். மரப்பெட்டியும் இரு கைகளும் ஏழு நரம்புகளும் கொண்ட கிதாராவை விழாப் போட்டிகளில் கலைஞர் இசைத்தனர். எர்மீசு என்னும் தேவன் லைராவைப் படைத்து அப்பல்லோவுக்கு அளித்தான் என்பது அவர்தம் புராணம். ஆயினும் இன்றைய ஈராக்கிலுள்ள ஊர் என்னும் தொன்னகரில், 1922 முதல் லியோனார்டு ஊல்லி நடத்திய அகழ்வில், ஏறத்தாழ 4500 ஆண்டுப் பழமையுடைய அவ்வினக் கருவிகள் வெளிப்பட்டன. கிரேக்கர்க்கு முன்னரே கீழ்த்திசையில் அவ்வினம் வாழ்ந்தது. இசைக்கருவிகள் சிலவற்றின் பெயர்கள் அயற்பெயர்களே என்று கிரேக்கப் புவிநூலார் ஸ்திராபோ ஒளிக்காது எழுதினார். அதனால் கிரேக்கர் புகழ் குன்றிற்றா?

அப்பெயர் இலத்தீன், அரபு, இசுப்பானியம் ஆகிய மொழிகளோடு உறவாடி, நம் குடியிருப்பு இளைஞர் மீட்டும் ‘கிதார்’ வரை வந்துள்ளது. ஆனால் கிதாருக்குக் கழுத்துண்டு. விரலால் அழுத்தித் தந்தியின் நீளத்தைக் குறைக்கலாம். கிதாராவுக்குக் கழுத்தே இல்லை. பெயர் தங்கிற்று; பொருள் மாறிற்று. மேலே ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்துச் சரக்கை எடுத்துக்கொள்ளாதே என்பது எங்கள் பார்சல் அலுவலகத்தின் முதற்பாடம். சொல்லாராய்ச்சிக்கும் அதுவே பொருந்தும்.

விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. அது வெறும் பெருமை பேசிற்றன்று. நரம்புகளின் சுருதியைக் கணக்கிட்டு ஆய்ந்தது. நம் தமிழுக்கு மெய்யான பெருமைகள் நிரம்ப உள, இரவற்பெருமை வேண்டா. தொலைவில் வளரும் நம் மக்களுக்கு மெய்யையே ஊட்டுவோம். என் மகள் கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டாள்.